பேராண்டி வாங்குன பல்பு

மல்டிமீட்டரைத் தாலிக்கொடியாட்டக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு நீ பஸ்ஸை விட்டு எறங்குனப்பவே நெனச்சேன் கண்ணு, இந்த லீவுல நம்மூட்டுல ஏதோ ஒண்ணு பொகையப் போகுதுன்னு. உங்க அம்மாயி வேற, "பேரன் இஞ்சினீருக்குப் படிக்கறான், அவனைக் கேட்டுப்போட்டு சுவிட்சைப் போடுங்க"ன்னு எனக்கே உத்தரவு போடறா. 22 வருசம் கோயமுத்தூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டுன கை இது. எத்தனை சீயக்காய் போட்டுத் தேச்சாலும் வார்னிஷ் வாசம் இன்னும் போகல. ஆனாலும் நீ படிச்சவன், நான் வெறும் பாத்தவன். படிச்சவன் முன்னால பாத்தவன் வாயைத் தொறக்கப்படாது.

அதனாலதான் வாயைத் தொறக்காம ஒரு பல்பைக் குடுத்தேன்.

அட்டாலியில கெடந்த பழைய குண்டு பல்பு. 60 வாட்ஸ்னு தலையில எழுதியிருக்கும். "இது நெசமாவே அறுவதுதானா, கடைக்காரன் ஏமாத்திப்போட்டானான்னு பாத்துச் சொல்லு சாமி"ன்னு எத்தனை பவ்வியமாக் கேட்டேன்! நீ மீட்டரை ஓம்ஸ்ல திருப்பி, பல்போட அடியில இருக்கற ரெண்டு ஈயப் பொட்டுலயும் முள்ளை வெச்சே. 65-ன்னு காட்டுச்சு. நோட்டை எடுத்தே. வி = ஐ × ஆர். 230-ஐ 65-ஆல வகுத்தா மூணரை ஆம்ப்ஸ் சொச்சம். பி = வி × ஐ. பெருக்குனா 814 வாட்ஸ். "அப்புச்சி! இது அறுவது இல்ல, பதிமூணு மடங்கு எச்சாத் திங்குது. இத்தனை வருசமா நீங்க கட்டுன பில்லு..."ன்னு உனக்கு மூச்சு வாங்குச்சு. உங்க அம்மாயி நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டா. நான் வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டேன். சிரிப்பை அடக்க வெத்தலையாட்ட ஒண்ணு கெடையாது.

கணக்குல தப்பில்ல சாமி. வகுத்தது சரி, பெருக்குனது சரி. அளந்த நேரந்தான் தப்பு. சந்தையில மாடு புடிக்கறவன், கட்டுத்தறியில படுத்து அசை போடற மாட்டைப் பாத்து வெலை பேச மாட்டான். பல்லைப் பாப்பான், நாலு தப்படி நடக்க உடுவான், முடிஞ்சா ஏர்ல பூட்டிப் பாப்பான். நீ தூங்கற பல்பைக் கேட்டே. அது தூக்கத்துல ஒளறிப்போட்டுது.

உள்ள இருக்கறது டங்ஸ்டன் கம்பி, தலைமுடியை விட மெல்லிசு. எரியறப்ப அதோட சூடு 2,500 டிகிரிக்குப் பக்கத்துல போகும். சூடேற ஏற அதோட ஓம்ஸும் ஏறும். ஆறிக்கெடக்கறப்ப 65. எரியறப்ப எத்தனைன்னு தெரியணும்னா தலைகீழாப் போ. 60-ஐ 230-ஆல வகுத்தா 0.26 ஆம்ப்ஸ். 230-ஐ அந்த 0.26-ஆல வகுத்தா 880 சொச்சம் ஓம்ஸ். 65 எங்கே, 880 எங்கே! குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடற நிமிசத்துலதான் 'டப்'புனு போகும், கவனிச்சிருக்கியா? அந்த ஒரு கண்ணிமைப்புல கம்பி பச்சையா இருக்குது. உன் கணக்குல வந்த மூணரை ஆம்ப்ஸ் அப்பத்தான் நெசமாவே பாயும். அதனால உன் கணக்கு முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. கண்ணிமைக்கற நேரத்துக்கு அது மெய்யி.

ஆமா, பட்டணத்துல இதுக்குத்தான் 'பல்பு வாங்கறது'ன்னு சொல்றாங்களா?

மொகத்தைத் தொங்கப்போடாதே. உனக்கு முன்னால இதே வரப்புல வழுக்குனவரு பேருலதான் அந்தச் சூத்திரமே ஓடுது. ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில எர்லாங்கன்கற ஊர்ல 1789-ல பொறந்தவரு. அப்பா பூட்டு செய்யற தொழிலாளி. மகன் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. (எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறியா? காயில் கடைக்குப் பக்கத்துல பழைய புஸ்தகக் கடை ஒண்ணு இருந்துச்சு. கரண்ட் இல்லாத நேரத்துல காயில் கட்டறவன் வேறென்ன பண்ணுவான்?) 1825-ல அவரு கம்பி நீளத்தை மாத்தி மாத்தி வெச்சு அளந்து ஒரு சூத்திரம் போட்டாரு. உன்னுதாட்டவே வக்கணையான சூத்திரம். லாகரிதமெல்லாம் வந்துச்சு. ஆனாத் தப்பு. அந்தக் காலத்துப் பேட்டரி கம்பியை மாட்டுன ஒடனே ஒரு பேச்சு பேசும், சித்தெ நேரத்துல வேற பேச்சு பேசும். அளக்கற வள்ளமே தேஞ்சுக்கிட்டு வந்தா ராகியை எப்படி அளக்கறது?

அப்பறம் பேட்டரியைத் தூக்கிக் கடாசிப்போட்டு, செம்பையும் பிஸ்மத்தையும் ஒண்ணாச் சேத்து, ஒரு மூட்டு கொதிக்கற தண்ணியில, இன்னொரு மூட்டு ஐஸுலன்னு வெச்சாரு. கொதிக்கற தண்ணி நூறு டிகிரியை விட்டு நகராது, ஐஸு சைபரை விட்டு நகராது. அதுல வர்ற வோல்ட்டும் கொஞ்சூண்டுதான், ஆனா ஆடாம அசையாம நிக்கும். 1826-ல கணக்கு நேரா வந்துச்சு. 1827-ல புஸ்தகம் போட்டாரு. ஊர்க்காரங்க மதிக்கல, வேலையையும் உட்டுப்போட்டாரு. உள்ளூர் மாடு வெலை போகாதுன்னு நம்மூர்ல மட்டுமா சொல்லோணும்? 1841-ல லண்டன்ல ராயல் சொசைட்டி காப்லி மெடல் குடுத்துச்சு. சொந்த நாட்டுல மூனிக் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் பதவி 1852-ல வந்துச்சு. 1854-ல மனுசன் போய்ச் சேந்துட்டாரு.

அவருக்கும் முன்னால இங்கிலாந்துல கேவண்டிஷ்னு ஒரு பெரிய பணக்காரரு இதே சூத்திரத்தைக் கண்டுபுடிச்சு வெச்சிருந்தாரு. மீட்டர் இல்லாத காலம். தன் ஒடம்பையே மீட்டராக்கி, ஷாக் வாங்கி, இந்த ஷாக்கு பெருசா அந்த ஷாக்கு பெருசான்னு பாத்து எழுதி வெச்சாரு. எழுதுனதை யாருக்கும் காட்டல. அவரு செத்து ஏறக்கொறைய எழுவது வருசம் கழிச்சு, 1879-ல மேக்ஸ்வெல்ங்கற விஞ்ஞானி எடுத்து அச்சுல போட்டாரு. பொறங்கையால ஒயரைத் தொட்டு "சப்ளை இருக்குதுங்கோ"ன்னு சொல்ற ஒயர்மேனைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தப் பணக்காரர் ஞாபகம் வரும். நீ அந்தப் பரம்பரையில சேந்துபோடாதே.

சரி, மத்தியானத்துக் கூத்துக்கு வாறேன். கெணத்து மோட்டார் ஒரு எச்.பி., சிங்கிள் பேஸ். ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கற என்ற பழைய டாங் டெஸ்டரைக் குடுத்து எத்தனை ஆம்ப்ஸ் எடுக்குதுன்னு பாக்கச் சொன்னேன். நீ ரெண்டு ஒயரும் போற கேபிளை அப்படியே முழுசாக் கவ்வ வெச்சே. சைபர். "அப்புச்சி, மோட்டார் கரண்டே எடுக்கல"ன்னே. அக்கட்டால குழாயில தண்ணி தொடை கனத்துக்குக் கொட்டிக்கிட்டிருக்குது. நானும், "அப்பச் செரி, நம்ம கெணத்துக்குச் சாமி வரம் குடுத்திருக்குது, இனிப் பில்லே வராது"ன்னேன். நீ அதையும் ஒரு நிமிசம் நம்புனே பாரு, அதான் எனக்கு வருத்தம்.

பேஸ்ல போறது அத்தனையும் நூட்ரல்ல திரும்பி வருது. நோம்பிக்கு வந்தவங்களையும் போனவங்களையும் ஒரே வாசல்ல வெச்சுக் கழிச்சா, நோம்பிக்கு யாருமே வரலைன்னுதான் கணக்கு வரும். ஸ்டார்டர் பெட்டியைத் தொறந்து பேஸ் ஒயரை மட்டும் கவ்வ வெச்சப்பறம் 7 ஆம்ப்ஸ் காட்டுச்சு.

காலையில வாங்குனது பத்தாதுன்னு, மோட்டாரை நிறுத்தி, மெயினை எறக்கி, ரன்னிங் காயில்ல ஓம்ஸ் வெச்சுப் பாத்தே. (மெயினை எறக்குனியே, அதுக்கு உன்னைப் பெத்தவளுக்கு ஒரு கும்புடு.) ரெண்டரை ஓம்ஸ். 230-ஐ ரெண்டரையால வகுத்தா 92 ஆம்ப்ஸ். டாங் டெஸ்டர்ல ஏழு. "எது அப்புச்சி பொய்யி?"ன்னே.

ரெண்டும் மெய்யிதான். காயில்ங்கறது வெறுங்கம்பி இல்ல கண்ணு. ஏசி கரண்ட் உள்ள போறப்ப அதுவே காந்தமாகி, வர்ற வோல்ட்டேஜை எதுத்துத் தள்ளும். உள்ள ரோட்டார் ஓடற வரைக்கும் அந்த எதுப்பு பலமா நிக்கும். உன் மீட்டரு செம்புக் கம்பியோட ஓம்ஸைச் சொல்லுதே ஒழிய, இந்த எதுப்பைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரோட்டார் நின்னுபோனா எதுப்புல பெரும்பங்கு போச்சு. எங்க கடைக்கு அப்படித்தான் வரும். ஆறு மாசம் ஓட்டாமக் கெடந்த மோட்டார், உள்ள துருப்புடிச்சு இறுகியிருக்கும். ஊட்டுக்காரர் சுவிட்சைப் போட்டுப்போட்டு, "ம்ம்ம்"முனு மொனகறதைக் கேட்டு, ஓடும் ஓடும்னு நின்னு பாத்துக்கிட்டிருப்பாரு. ஏழு ஆம்ப்ஸ் எடுக்க வேண்டியது 35, 40-ன்னு இழுக்கும். சூடுங்கறது ஆம்ப்ஸை ஆம்ப்ஸாலயே பெருக்கி, ஓம்ஸால பெருக்கணும். அஞ்சு மடங்கு கரண்டுன்னா இருபத்தஞ்சு மடங்கு சூடு. இதை 1841-ல அச்சுல போட்ட ஜூல்ங்கறவரு பீர் காச்சற குடும்பத்துப் புள்ளை. சூட்டைப் பத்தி அவருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? மூடியைக் கழட்டுனா காயில் கருகுன முறுக்காட்ட இருக்கும். நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ரேட்டு சொல்லுவோம்.

அப்பறம் 230-ஐயும் 7-ஐயும் பெருக்குனே. 1,610. ஒரு எச்.பி.ன்னா 746 வாட்ஸ்தானே, மோட்டார் விக்கறவன் ஏமாத்திப்போட்டான்னு மறுபடியும் கெளம்புனே. உனக்கு ஏன் சாமி யாரைப் பாத்தாலும் திருடனாத் தெரியுது? மோட்டாரு காந்தம் உண்டாக்கறதுக்குன்னு கொஞ்சம் கரண்டைக் கைமாத்து வாங்கும், ஒடனே திருப்பிக் குடுக்கும். செகண்டுக்கு நூறு தடவை இந்தக் குடுக்கல் வாங்கல் நடக்குது. வாட்ஸ் கணக்குல அது ஏறாது, ஊட்டு மீட்டர்லயும் ஏறாது. ஆனா ஒயர் வழியாத்தானே போயிட்டு வருது, ஒயரைச் சுட வெச்சுப்போட்டுத்தான் போகும். இதைப் பவர் பேக்டர்ம்பாங்க. கடையில வாட்ஸ் மீட்டர் வெச்சுப் பாத்தப்ப இந்த மாதிரி மோட்டாருக்கு 1,100 கிட்டக் காட்டும். அதுலயும் 746 தண்டுக்குப் போக, மிச்சம் சூடாவும் சத்தமாவும் போகும். பல்புக்கும் ஹீட்டருக்கும் இந்தக் கைமாத்துப் பழக்கம் கெடையாது. அங்க வியையும் ஐயையும் பெருக்கு, வர்றதுதான் வாட்ஸ்.

பொழுதோட தோட்டத்துச் சாளைக்கு வந்தோம். நான் படுக்கறது, குளிக்கறது எல்லாம் சாளையிலதான், ஊட்டுக்கும் அதுக்கும் நூறு மீட்டர். பக்கெட்ல தொங்கற ஹீட்டர் ராடு 1,500 வாட்ஸ். "தண்ணி காயறதுக்குள்ள தூக்கம் வந்துருது, என்னன்னு பாரு"ன்னேன். ரெண்டு தடவை பல்பு வாங்குனவன் உஷாராயிட்டே. ராடுல மீட்டரை வெச்சு, 35-ன்னு பாத்துப்போட்டு, "இது ஆறிக்கெடக்கறப்ப அளந்தது, நம்ப மாட்டேன் அப்புச்சி"ன்னே. அடடா! இப்பத்தான் நம்பணும். உள்ள இருக்கறது நிக்ரோம் கம்பி. சூடானாலும் ஆறுனாலும் அதோட ஓம்ஸ் பெருசா மாறாது. 230-ஐ 230-ஆல பெருக்கி 35-ஆல வகுத்துப் பாரு, 1,511. பொட்டியில எழுதுனது நெசந்தான். ஆளைப் பாத்து நம்பணும். எல்லாரையும் நம்பறவனுக்கும் ஒருத்தரையும் நம்பாதவனுக்கும் கடைசியில ஒரே பில்லுதான் வரும்.

அப்ப ஏன் காயல? ஊட்டு போர்டுல வோல்ட்டேஜ் பாத்தே, 190. டிரான்ஸ்பார்மருக்குக் கடைசிக் கம்பம் நம்முது. பொழுதோட ஊரே சுவிட்சைப் போட்டா இத்தனைதான் வந்து சேரும். சாளையில வந்து பிளக்குல பாத்தே. அங்கயும் 190. "ஒயர்ல ஒரு குத்தமும் இல்ல அப்புச்சி"ன்னு எழுதியே வெச்சுக்கிட்டே.

தண்ணி உடாத வாய்க்கால்ல ஒடப்பு தெரியுமாடா?

ஹீட்டரைப் போட்டுட்டு அளக்கச் சொன்னேன். 172. கரண்ட் 4.9 ஆம்ப்ஸ். பதினெட்டு வோல்ட் வழியிலயே தொலஞ்சு போச்சு. 18-ஐ 4.9-ஆல வகுத்தா ஒயரோட ஓம்ஸ், மூணரைக்குச் சித்தெ மேல. நான் அந்தக் காலத்துல சிக்கனம் புடிச்சு இழுத்த ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரு. போக நூறு மீட்டர், வர நூறு மீட்டர். கரண்ட் பாயாதப்ப ஓம்ஸ் இருந்தும் நட்டமில்ல. பாஞ்சாத்தான் திருடும். ஹீட்டருக்கு 843 வாட்ஸ் சேருது. ஒரு 88 வாட்ஸ் வேலி ஓரம் பூராவும் ஒயரைச் சுட வெச்சு, அதுமேல உக்காருற காக்காய்க்குக் குளிர் காய உதவுது. வோல்ட்டேஜ் கால் பங்கு கொறஞ்சதுக்கு வேலை பாதிக்குப் பக்கத்துல கொறஞ்சுபோச்சு பாத்தியா? கால் பங்குதானேன்னு நெனச்சா அதான் ஏமாந்த எடம். வோல்ட் கொறஞ்சா ஆம்ப்ஸும் கூடவே கொறையும், ரெண்டு கொறையும் ஒண்ணையொண்ணு பெருக்கிக்கும். இருபது லிட்டர் தண்ணியை 25 டிகிரியில இருந்து 45-க்குக் கொண்டாறது, முழு 1,500 வாட்ஸ் இருந்தா பத்தொம்பது நிமிசம். இப்ப முப்பத்திமூணு.

கணக்குப் போட்ட சந்தோசத்துல, சூடாயிருச்சான்னு வெரலை உடப்போனே. அப்பத்தான் நான் ஒன் கையைத் தட்டிவுட்டது. நனஞ்ச கையோட மனுசன் ஏறக்கொறைய ஆயிரம் ஓம்ஸ்தான். 190-ஐ ஆயிரத்தால வகுத்துப் பாரு, 190 மில்லி ஆம்ப்ஸ். கரண்ட் கசிஞ்சா அணைக்கறதுக்குன்னு ஊட்டுல மாட்டியிருக்கற ஈஎல்சிபி 30 மில்லி ஆம்ப்ஸ்லயே பதறிப்போய் எறங்குது. எதுக்குப் பதறுதுன்னு யோசி. பிளக்கைப் புடுங்கிப்போட்டு அப்பறம் வெரலை உடு.

மோட்டாரு இந்த ஹீட்டராட்ட இல்ல, அதையும் இங்கயே கேட்டுக்க. ஹீட்டர் கூலி கொறஞ்சா வேலையையும் கொறச்சுக்கற ஆளு. மோட்டாரு கடன் வாங்கியாவது பண்ணையம் பண்ற நம்ம சனம். தண்ணி ஏத்தியே ஆகணும், வோல்ட் கொறஞ்சா ஆம்ப்ஸை எச்சா இழுத்துக்கும். கடைசியில காயில் கருகும்.

இப்ப ஒனக்கு ஒரே ஒரு கணக்கு. நாலு ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டா அந்த எரநூறு மீட்டருக்கு ஓம்ஸ் எத்தனை? செரி, 0.92. ஹீட்டருக்கு எத்தனை வாட்ஸ் சேரும்? 980 கிட்ட. எத்தனை நிமிசம் மிச்சம்? நாலரை. "நாலரை நிமிசத்துக்காகவா அப்புச்சி ரெண்டு சுருள் செம்பு?"ன்னு கேக்கறே பாரு, இதுதான் இந்த லீவுல நீ கேட்ட மொதக் கேள்வி, கேள்வின்னு சொல்லற மாதிரி.

ஹீட்டருக்கு இல்ல சாமி. சத்தம் போடாதே, அம்மாயி காதுல உழுந்துரும். சோளத்தட்டு வெட்டற மெசின் ஒண்ணுக்கு அட்வான்ஸ் குடுத்துப்போட்டேன். ஒரு எச்.பி. மோட்டாரு. கெளம்பறப்ப 30 ஆம்ப்ஸ் கேக்கும்னு வெய்யி. பழைய ஒயரோட மூணரை ஓம்ஸால பெருக்கு. நூறு வோல்ட்டை ஒயரே முழுங்கிப்போடும், மோட்டாரு "ம்ம்ம்"முனு நிக்கும். அந்தச் சத்தத்தை நான் 22 வருசம் கேட்டுப்போட்டேன், எனக்குப் போதும்.

மெசினு புதன்கெழமை வருது. டவுனுக்குப் போறப்ப நாலு ஸ்கொயர்னு கேட்டு, ஒயர் மேல எழுதியிருக்கறதைப் படிச்சு வாங்கு. பணமா? பேரன் இஞ்சினீருக்குப் படிக்கறான், ஒயரெல்லாம் அவனே பாத்து வாங்கிப் போட்டுருவான்னு உங்க அம்மாயிதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா.